நாராயண்கர் கூலிகளை விடுவித்தது யார்?

1907 டிசம்பர் 6 அன்று வங்க மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் ஆண்ட்ரூ ஃப்ரேசர் பயணம் செய்த ரயில், மிதுனாபூர் மாவட்டத்து நாராயண்கர் அருகே வெடியில் சிக்கியது. தண்டவாளத்தின் அடியில் ஐந்தடிக்குக் குழி விழுந்தது. எஞ்சின் ஆட்டம் கண்டதோடு சரி, யாருக்கும் காயமில்லை. போலீஸ் விசாரணை தொடங்கியது. பிடிபட்டவர்கள் அந்தப் பாதையில் வேலை செய்த ரயில்வே கூலிகள். அவர்களிடமிருந்து வாக்குமூலம் வந்தது, வழக்கு நடந்தது, தண்டனை விழுந்தது, சிறைக்குப் போனார்கள். கோப்பை மூடிக் கட்டிவிட்டார்கள்.

ஐந்து மாதம் கழித்து, கல்கத்தாவில் பிடிபட்ட சில இளைஞர்கள் மாஜிஸ்திரேட் முன் நின்று, நாராயண்கரில் வெடி வைத்தது நாங்கள்தான் என்றார்கள். எப்படிச் செய்தோம், யார் போனோம் என்றும் சொன்னார்கள். கூலிகளுக்கும் அந்த வெடிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பிறகு அவர்களை விடுதலை செய்தார்கள்.

வங்கப் புரட்சியாளர்களைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். தூக்குமேடை, தியாகம், கீதை என்று எத்தனையோ பக்கங்களைக் கடந்தாலும், மனம் திரும்பத் திரும்ப இந்தக் கூலிகளிடமே வந்து நிற்கிறது. செய்யாத ஒன்றைச் செய்ததாக அவர்கள் ஏன் சொன்னார்கள்?

எனக்கு இதில் ஒரு சொந்தக் கதையும் உண்டு. எண்பதுகளின் கடைசியில் நான் வேதியியல் இளங்கலை மாணவன். எங்கள் ஊரில் எங்கோ ஒரு வெடிச் சம்பவம் நடந்து, அதன் தொடர்ச்சியாக ஓர் இரவு விடுதி அறைகளைச் சோதனை போட்டார்கள். என் அறை நண்பனுக்கு ஊர் சாத்தூர்ப் பக்கம். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளை. அந்த விவரம் ஒன்றே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. அவனுடைய டிரங்குப் பெட்டியைக் கட்டிலில் கொட்டினார்கள். அம்மா அரைத்துக் கொடுத்திருந்த சீயக்காய்த்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார் ஒரு காவலர். பிறகு அவனுடைய ரெக்கார்டு நோட்டைப் புரட்டினார்கள். கரிமச் சேர்மங்களை அடையாளம் காணும் பாடத்தில் 'பிக்ரிக் அமிலம்' என்ற சொல் இருந்தது; வெடிமருந்தாகவும் பயன்படுவது. ஆய்வகத்தில் எல்லா மாணவர்களும் எழுதும் சொல்தான் அது. நோட்டையும் அவனையும் அழைத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் மதியம் திரும்பி வந்தான். அடிக்கவில்லை, தூங்கத்தான் விடவில்லை. நெடுநாள் அதைப் பற்றிப் பேசாமலிருந்து, படிப்பு முடிகிற நேரத்தில் ஒருநாள் மொட்டைமாடியில் சொன்னான்: "ராத்திரி ரெண்டு மணிக்கு மேல், ஒப்புக்கொண்டால் படுக்க விடுகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், ஒப்புக்கொண்டிருப்பேன். எதை என்றுகூடக் கேட்டிருக்க மாட்டேன்." அந்த நோட்டு திரும்பக் கிடைக்கவே இல்லை. மூன்று வாரம் உட்கார்ந்து மறுபடி எழுதினான். பாதிப் படங்களை நான் வரைந்து கொடுத்தேன்.

நாராயண்கர் கூலிகளைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது அந்த மொட்டைமாடிதான் நினைவுக்கு வந்தது.

இனி கல்கத்தாவுக்குப் போவோம். மாணிக்தலா, முராரிபுகூர் சாலை, 32ஆம் எண். கோஷ் குடும்பத்துக்குச் சொந்தமான பழைய தோட்டம், நடுவில் பாழடைந்த வீடு. அரவிந்த கோஷின் தம்பி பாரீந்திரகுமார் அங்கே இளைஞர்களைச் சேர்த்து வைத்திருந்தார். கீதை வாசிப்பு, தியானம், தாமே வடித்த கிச்சடி என்று ஆசிரமம் போன்ற வாழ்க்கை. இன்னொரு பக்கம் துப்பாக்கிப் பயிற்சியும் வெடிமருந்தும். கல்கத்தா மாநிலக் கல்லூரிப் படிப்பை உதறிவிட்டு வந்த நளினிகாந்த குப்தாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. பிரபுல்ல சாகிக்கும் அதே வயதுதான். கிழக்கு வங்க அரசு, மாணவர்கள் சுதேசிக் கூட்டங்களுக்குப் போகக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டிருந்தது. அதை மீறியதற்காக ரங்கப்பூர் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவர் அவர்.

இந்தக் கூட்டத்தின் வேதியியல்காரர் உல்லாஸ்கர் தத்தர், வயது இருபத்து மூன்று. மாநிலக் கல்லூரியில் ரஸ்ஸல் என்ற ஆங்கிலப் பேராசிரியர் வங்காளிகளை இழிவாகப் பேசினார் என்பதற்காக அவரைக் கைநீட்டி அடித்துவிட்டுக் கல்லூரியை இழந்தவர். அப்பா சிப்பூர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் என்பதால் நூலகமும் ஆய்வுக்கூடமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. யாரும் சொல்லித் தராமல், புத்தகத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டார். முறையாகக் கற்கவேண்டும் என்று ஹேமச்சந்திர தாஸ் தம் சொத்தை விற்றுப் பாரிஸுக்கே போய், அங்கிருந்த ரஷ்யப் புரட்சியாளர்களிடம் பயின்று திரும்பினார். அவர் கொண்டுவந்த கையேட்டின் படி ஒன்று பின்னால் மாணிக்தலாவில் கிடைத்தது. அதே கையேடு நாசிக்கில் கணேஷ் சாவர்க்கர் வீட்டிலும் கிடைத்தது.

1908இன் தொடக்கத்தில், தேவ்கர் அருகே திகிரியா மலையில் ஒரு குண்டைச் சோதித்துப் பார்த்தார்கள். நினைத்ததற்கு முன்பே அது வெடித்தது. பிரபுல்ல சக்கரவர்த்தி என்ற ரங்கப்பூர் மாணவர் அந்த இடத்திலேயே இறந்தார். உல்லாஸ்கருக்குப் பலத்த காயம். நண்பனின் உடலை எரிக்கவும் முடியாமல் மலையிலேயே விட்டுவிட்டு இறங்கினார்கள். புதிதாக ஒரு கலையைக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளின் முதல் பலி அவர்களில் ஒருவனாகவே இருந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகிறது.

அவர்களுடைய குறி கிங்ஸ்ஃபோர்ட். கல்கத்தாவின் தலைமை மாகாண மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது, நீதிமன்ற வாசலில் போலீஸ்காரரைத் திருப்பி அடித்ததற்காகச் சுசீல் சென் என்ற பதினைந்து வயதுத் தேசியக் கல்லூரி மாணவனுக்குப் பதினைந்து கசையடி விதித்தவர். முதலில் அவருக்கு ஒரு பார்சல் போனது. பொதுச் சட்டம் பற்றிய ஒரு தடித்த ஆங்கில நூலின் உள்பக்கங்களைக் குடைந்து, கோகோ டப்பாவில் வெடியை வைத்து, பிரித்தால் வெடிக்கும்படி ஹேமச்சந்திரர் செய்தது. யாரோ இரவல் வாங்கிய நூலைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக் கிங்ஸ்ஃபோர்ட் கட்டைப் பிரிக்காமலே வைத்துவிட்டார். பீகாரின் முஸாஃபர்பூருக்கு மாற்றலாகிப் போனபோது அதுவும் மற்றச் சாமான்களோடு போனது. ஓராண்டுக்கும் மேல் கழித்து, கைதான ஒருவர் சொல்லித்தான் போலீஸ் அதைத் தேடிப்போய் எடுத்தது. அந்த நூல் இன்றும் கல்கத்தா போலீஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்த முயற்சி முஸாஃபர்பூரில். 1908 ஏப்ரல் 30 இரவு, கிங்ஸ்ஃபோர்டின் வண்டி என்று நினைத்துக் குதிராம் போஸும் பிரபுல்ல சாகியும் வேறொரு வண்டியின்மீது குண்டை வீசினார்கள். அதில் இருந்தவர்கள் பாரிஸ்டர் பிரிங்கிள் கென்னடியின் மனைவியும் மகளும். இருவரும் இறந்தார்கள். எந்தப் பாவமும் அறியாத இரண்டு பெண்கள். இந்த இளைஞர்களை நேசிக்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். குதித்துவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

குதிராம் விடிய விடிய நடந்து, மறுநாள் காலை வைனி ரயில் நிலையத்தருகே பிடிபட்டார். சாகி மொகாமாவில் போலீஸ் நெருங்கியபோது தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். இறந்தவர் யார் என்று குதிராமிடம் உடலைக் காட்டிக் கேட்டார்கள். தினேஷ் என்றார். அவருக்குத் தெரிந்த பெயர் அதுதான், இயக்கம் வைத்த பொய்ப்பெயர். உண்மைப் பெயரை உறுதிசெய்வதற்காகப் பத்தொன்பது வயதுப் பையனின் தலையை வெட்டி எடுத்துக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். புலன்விசாரணை என்ற சொல்லுக்குள் இதுவும் அடங்குகிறது.

மாணிக்தலா தோட்டத்தைப் போலீஸ் முன்பிருந்தே கண்காணித்து வந்தது. கிங்ஸ்ஃபோர்டுக்கு ஆபத்து என்ற தகவலும் முன்னதாகவே கிடைத்து, அவர் வீட்டருகே காவலர்களை நிறுத்தியிருந்தார்கள். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், எந்தப் பெட்டி எந்த வீட்டுக்குப் போகிறது என்று மறைந்திருந்து குறித்துக்கொண்டே வந்தார்கள். முஸாஃபர்பூர்ச் செய்தி வந்ததும், மே 2 விடியற்காலையில் நகரத்தின் பல இடங்களை ஒரே நேரத்தில் சுற்றி வளைத்தார்கள். தோட்டத்தில் இளைஞர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முந்தைய மாலைதான் ஆயுதங்களை மண்ணில் புதைத்திருந்தார்கள், காகிதங்களை முழுதாக எரித்து முடிக்கவில்லை. புதைத்த இடத்தைப் பாரீந்திரரே காட்டினார்.

பொறுமையாக, கண்ணால் பார்த்துச் சேர்த்த விவரங்களைக் கொண்டு நடந்த பகுதி இது. போலீஸ் தேடியது கிடைத்தது. நாராயண்கரையும் மாணிக்தலாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான்: மாணிக்தலாவில் முதலில் கவனித்தார்கள், பிறகு பிடித்தார்கள். நாராயண்கரில் முதலில் பிடித்தார்கள், பிறகு வாக்குமூலத்தைக் கொண்டு குற்றத்தை முடைந்தார்கள். இரண்டையும் செய்தது ஒரே அரசாங்கத்தின் போலீஸ்தான், இடையில் ஐந்தே மாதங்கள்.

அதே மே 2 காலையில் கிரே தெரு 48ஆம் எண் வீட்டுக்கும் போனார்கள். அரவிந்தர் தரையில் படுத்திருந்தார். போலீஸ் அதிகாரி கிரீகன், பட்டம் பெற்ற ஒருவர் மேசை நாற்காலி இல்லாத அறையில் வெறுந்தரையில் படுப்பது வெட்கமாக இல்லையா என்று கேட்டதை அரவிந்தர் பின்னாளில் எழுதியிருக்கிறார். நான் ஏழை, ஏழையைப் போல வாழ்கிறேன் என்று பதில் சொன்னாராம். கையில் விலங்கு, இடுப்பில் கயிறு. அறையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே மண். தட்சிணேசுவரத்திலிருந்து, ராமகிருஷ்ணர் நடந்த இடத்திலிருந்து, ஓர் இளைஞன் பக்தியோடு எடுத்து வந்து கொடுத்தது. கிளார்க் என்ற அதிகாரி அந்த மண்ணை வெகுநேரம் சந்தேகத்தோடு பார்த்தார். புதுவகை வெடிமருந்தோ என்ற ஐயம் அவருக்கு.

என் நண்பனுடைய சீயக்காய் டப்பாவை இந்த அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன். சந்தேகம் உள்ளே நுழைந்துவிட்டால் மண் மண்ணாகத் தெரிவதில்லை.

அந்த வீட்டில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு கடிதம் வழக்கின் பெரிய சாட்சியமாக முன்வைக்கப்பட்டது. தம்பி அண்ணனுக்கு எழுதியதாம். நெருக்கடிக்கு உதவ இந்தியா முழுவதும் 'மிட்டாய்' தயாராக இருக்கவேண்டும் என்று அதில் ஒரு வரி. மிட்டாய் என்றால் குண்டு என்றது அரசுத் தரப்பு. கடிதமே போலி என்று வாதிட்டார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சித்தரஞ்சன் தாஸ். அரசுத் தரப்புக்கு வாதாடியவர் நம் மதறாஸ் பாரிஸ்டர் ஏர்ட்லி நார்ட்டன், காங்கிரஸின் தொடக்க ஆண்டுகளில் அதன் மேடையில் நின்று பேசியவர். நீதிபதி பீச்கிராஃப்ட், ஐ.சி.எஸ். தேர்வில் அரவிந்தரோடு எழுதி, கிரேக்க மொழியில் அவருக்கு அடுத்த இடம் பெற்றவர். 206 சாட்சிகள், நாலாயிரம் ஆவணங்கள். கம்பிவலை அடித்த கூண்டுக்குள் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த இளைஞர்களோ வழக்கைக் கவனிக்காமல் பங்கிமின் நாவல்களையும் விவேகானந்தரையும் கீதையையும் படித்துக்கொண்டிருந்தார்கள்.

போலீஸ் தரப்பில் வழக்கைத் தோளில் தூக்கிச் சுமந்த அதிகாரி ஷம்சுல் ஆலம். அவரைக் கண்டதும் கூண்டிலிருந்து ஒரு பாட்டு எழும்புமாம்: சர்க்காருக்கு நீ ஷ்யாம், எங்களுக்கு நீ சூல். ஷ்யாம் என்றால் கண்ணன், காதலன். சூல் என்றால் வயிற்றைக் குத்தும் வலி. நாவுக்கரசரை வாட்டிய சூலை நோயை அறிந்த நமக்கு இந்தச் சிலேடை உடனே புரியும். 1910 ஜனவரி 24 அன்று ஷம்சுல் ஆலம் உயர்நீதிமன்றத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முன்பே அரசு வழக்கறிஞர் ஆசுதோஷ் பிஸ்வாஸ் கொல்லப்பட்டிருந்தார். அப்ரூவராக மாறிய நரேந்திரநாத் கோஸ்வாமியைச் சிறை மருத்துவமனையிலேயே சக கைதிகளான கனாயிலாலும் சத்தியேந்திரரும் சுட்டார்கள். குறுக்கு விசாரணைக்கு ஆளாகாமல் அவர் இறந்துபோனதால் அவருடைய வாக்குமூலம் செல்லாமல் போனது.

இதே 1908இல் மிதுனாபூரில் நடந்ததைப் பலர் அறிவதில்லை. உளவாளிகள் கொடுத்த தகவலின் பேரில் அங்கே ஒரு 'குண்டுச் சதி' வழக்கு உருவானது. சதிகாரர்கள் என்று 154 பேர். நாராஜோல் ஜமீன்தார் முதல் வழக்கறிஞர்கள், மாணவர்கள் வரை ஊரின் முக்கால்வாசிப் பெரிய மனிதர்கள் அதில் இருந்தார்கள். சந்தோஷ் என்ற இளைஞனின் வீட்டில் ஒரு குண்டு கிடைத்ததாகச் சொன்னார்கள். வாக்குமூலமும் வந்தது. மகனை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவே தன்னைக் கைது செய்தார்கள் என்று அவன் தந்தை பியாரி மோகன் தாஸ் பின்னர் குற்றம் சாட்டினார். நீதிமன்றத்துக்கு வந்தபோது பட்டியல் உதிரத் தொடங்கியது. அட்வகேட் ஜெனரல் எஸ்.பி. சின்ஹாவே பெரும்பாலோர் மீதான வழக்கைத் திரும்பப் பெற்றார். எஞ்சியது மூன்று பேர். செஷன்ஸ் நீதிமன்றம் தண்டித்த அந்த மூவரையும் 1909இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. பியாரி மோகன் அதோடு நிற்கவில்லை. மாவட்ட மாஜிஸ்திரேட் வெஸ்டன் மீதே நஷ்டஈட்டு வழக்குப் போட்டார். ஒரு நீதிபதி அவருக்குச் சாதகமாக ஆயிரம் ரூபாய்க்குத் தீர்ப்பளித்தார், மேல்முறையீட்டில் அது ரத்தானது. தோற்றாலும், தன் மகனுக்காக ஒரு வெள்ளைக்கார கலெக்டரைக் கூண்டுக்கு இழுத்த அந்தத் தகப்பனை நான் வணங்குகிறேன்.

ஆனால் நாராயண்கர் கூலிகளுக்குச் சித்தரஞ்சன் தாஸும் இல்லை, பியாரி மோகனும் இல்லை. அவர்களைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்தவர்கள் உண்மையான குற்றவாளிகள். பாரீந்திரரும் உல்லாஸ்கரும் பிடிபட்ட சில நாட்களுக்குள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்கள். அது தவறு, இயக்கத்தைக் காட்டிக்கொடுத்தது என்று தோழர்களே குறை சொன்னதுண்டு. ஹேமச்சந்திரர் கடைசி வரை வாய் திறக்கவில்லை, வாக்குமூலத்தை அவர் மன்னிக்கவும் இல்லை. இயக்கத்தின் கணக்கில் அவர் பக்கம் நியாயம் இருக்கலாம். நிரபராதிகள் சிக்கக் கூடாது என்பது பாரீந்திரர் தரப்புச் சொன்ன காரணங்களில் ஒன்று. ஹாரிசன் சாலையில் நாட்டு மருத்துவம் செய்துகொண்டிருந்த சகோதரர்களின் வீட்டில் வெடிமருந்துப் பெட்டிகளை வைத்தது நான்தான், உள்ளே என்ன இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது என்று உல்லாஸ்கர் சொன்னார். அந்தச் சகோதரர்களுக்கு அது உதவவில்லை. கூலிகளுக்கு உதவியது. எனக்கு அது போதும்.

1908 ஜூன் 8 அன்று, முஸாஃபர்பூர் நடந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், வெடிபொருள் சட்டம் வந்தது. சந்தேகத்துக்கிடமான சூழலில் ஒருவரிடம் வெடிபொருள் இருந்தால், அதை நல்ல நோக்கத்துக்காகவே வைத்திருந்தேன் என்று காட்டவேண்டிய பாரம் அவர் தலைமேல்தான். அந்தச் சட்டம் இந்தியாவில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

1909 மே 6 அன்று தீர்ப்பு. அரவிந்தர் விடுதலை, நளினிகாந்தரும் விடுதலை. பாரீந்திரருக்கும் உல்லாஸ்கருக்கும் தூக்கு. தீர்ப்பைக் கேட்டுக் கூண்டில் நின்றபடியே உல்லாஸ்கர் தாகூரின் பாடல் ஒன்றைப் பாடினார் என்பார்கள். மேல்முறையீட்டில் தூக்கு ஆயுள் நாடுகடத்தலாக மாறி, அந்தமானுக்குக் கப்பலேறினார்கள். செக்கில் தேங்காய் எண்ணெய் ஆட்டும் வேலை, நாளைக்கு முப்பது பவுண்டு. பிறகு வெயிலில் செங்கல் அறுக்கும் வேலை. 1912இல் ஒருநாள் இனிச் செய்ய மாட்டேன் என்று உல்லாஸ்கர் மறுத்துவிட்டார். கைவிலங்கோடு சுவரில் மாட்டி நிற்க வைத்தார்கள். அப்படியே காய்ச்சல் ஏறி நினைவிழந்தார். தெளிந்தபோது மனம் தெளியவில்லை. யார் யாரோ அழைக்கும் குரல்கள் கேட்டன. அவரைக் கப்பலேற்றி மதறாஸுக்கு அனுப்பினார்கள்.

மேடவாக்கம் டேங்க் சாலையில் என் பஸ் தினமும் அந்த நீண்ட மதிலை ஒட்டித்தான் போகிறது. 1871இல் லோக்காக் தோட்டம் என்ற இடத்தில் தொடங்கிய மனநோய் மருத்துவமனை. மொழி தெரியாத ஊரில், பேராசிரியரை அடித்ததால் படிப்பை இழந்த அந்த மாணவர் ஆண்டுக்கணக்கில் அந்த மதிலுக்குள் இருந்தார். அங்கே ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை என்பது எனக்கு வருத்தம். நளினிகாந்தரைப் பற்றி நம் பக்கத்தில் பலருக்குத் தெரியும். அவர் அரவிந்தரைத் தொடர்ந்து புதுச்சேரிக்கு வந்து, 1984 வரை ஆசிரமத்திலேயே வாழ்ந்தார். கீழ்ப்பாக்கத்தில் கிடந்தவரைத்தான் யாருக்கும் தெரியவில்லை.

1920இல் உல்லாஸ்கர் விடுதலையானார். இளமையில் அவர் விரும்பிய பெண், விபின் சந்திர பாலின் மகள் லீலா. அவருக்கு வேறொருவரோடு திருமணம் முடிந்திருந்தது. 1948இல், தமக்கு அறுபத்து மூன்று வயதானபோது, கணவரை இழந்து பக்கவாதத்தில் படுத்திருந்த லீலாவை உல்லாஸ்கர் மணந்துகொண்டார். பிறகு சில்சரில் வாழ்ந்து, 1965இல் இறந்தார்.